இடப்பக்கக் குழாய்

என் கருப்பையின் உட்புறத்தை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடும் ஈரத்தோடும், திரையில் பெரிதாக. எங்கள் குடும்பத்துப் பெண்களில் வேறு யாருக்கும் கிடைக்காத காட்சி அது. இதை எழுத உட்காரும்போதே கை பரபரக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும் என்பதால் என்னை அடக்கிக்கொண்டு தொடங்குகிறேன்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முடித்து, இப்போது ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மெக்கானிக்கல் வகுப்பில் எங்கள் ஆண்டில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுமினிய வார்ப்புகளுக்குள் எண்ணெய் ஓடுவதற்கு மெல்லிய துளைகள் இருக்கும். வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. பென்சிலைவிட ஒல்லியான ஒரு குழாயின் நுனியில் விளக்கும் காமிராவும் வைத்திருப்பார்கள். அதற்கு போர்ஸ்கோப் என்று பெயர். அதைத் துளைக்குள் விட்டு, திரையில் பார்ப்பேன். உள்ளே பிசிறு அடைத்திருந்தால் அந்தப் பாகம் மஞ்சள் டப்பாவுக்குப் போகும். சுத்தம் செய்தபின் திரும்ப வரும். சரிசெய்யவே முடியாதது சிவப்பு டப்பாவுக்கு. நன்றாக இருந்தால் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்து, "பாஸ்" என்று வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வேன். பழகிவிட்டது.

கல்யாணமாகி வந்தது பாகலூருக்கு. கணவர் மாதேஷ் பிளாஸ்டிக் ஷீட்டால் கூடாரம்போல மூடிய பாலி ஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறார். அத்தை ஜெயம்மா, அவருடைய அம்மா, பூவைத் தரம் பிரித்துக் கட்டும் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்து என் மாதவிலக்கு குறைய ஆரம்பித்தது. நாலு நாள் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் பேருக்குச் சில துளிகள். எனக்கு அதில் சந்தோஷம்தான். லைனில் நின்று வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் மாற்று ஆளைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுக் கழிவறைக்கு ஓடுவது எப்படிப்பட்ட பாடு என்று. பக்கத்து மேசை ஷபானா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

"உனக்கென்னடி கௌரி, மகாராணி. நாங்க வயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறோம், நீ பர்மிஷன் போட்ட மாதிரி அரை நாள்ல முடிச்சிட்டு வர்ற."

"அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்" என்பேன்.

அந்த வருடம் விடுப்பே எடுக்காத ஊழியர் என்று என்னை மேடையேற்றி ஒரு டிபன் கேரியர்கூடக் கொடுத்தார்கள். துளையில் எண்ணெய் ஒரு சொட்டு குறைந்தாலும் ஏன் என்று கேட்காமல் விடாதவள் நான். என் உடம்பில் குறைந்ததற்கு டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

பிறகு ஒரு மாதம் வரவே இல்லை. அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பாகலூர் பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கி, தேங்காய்ப் பூரணம் வைத்த அந்த வட்ட ரொட்டியை முக்கோணமாக வெட்டி, ஷெட் முழுக்கக் கொடுத்துவிட்டார். நான் மாலையில் வந்து கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் பார்த்தேன். இரண்டு கோடு விழுந்தால்தான் கர்ப்பம். ஒரு கோடுதான் விழுந்தது. அடுத்த நாளும் ஒரு கோடுதான்.

ஷெட் பெண்கள் சும்மா விடுவார்களா?

"இன்னா ஜெயக்கா, ரொட்டி செரிச்சே போச்சு. பேரப்புள்ள எங்க?"

  மூன்றாம் நாள் அத்தையே என்னிடம் வந்து, "எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம். எனக்கே கேவலமா கீது" என்றார்.

ஓசூரில் குழந்தைப்பேறுக்கென்றே இருக்கும் மருத்துவமனை அது. காத்திருக்கும் கூடத்தின் சுவர் முழுக்கக் கொழுத்த குழந்தைகளின் படங்கள். அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அத்தை மட்டும் சும்மா இருக்க மாட்டார். மாலூரிலிருந்து வந்த கன்னடக்காரப் பெண்ணிடம் கன்னடத்திலும், சூளகிரிப் பெண்ணிடம் தெலுங்கிலும் பேசி, யாருக்கு என்ன கோளாறு என்பதை என் பெயர் கூப்பிடுவதற்குள் தெரிந்துகொண்டுவிடுவார்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர், ஆனால் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்பவர். முதலில் கருக்குழாய்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார். கருப்பையின் இரண்டு மூலையிலிருந்தும் ஒவ்வொரு மெல்லிய குழாய் கிளம்பும். முட்டையும் விந்தும் சந்திப்பது அங்கேதான். கீழிருந்து ஒரு மருந்தைச் செலுத்தினால் அது கருப்பையை நிரப்பி, குழாய் வழியே ஓடி, நுனியில் வயிற்றுக்குள் வழிய வேண்டும். வழிந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். மருந்து உள்ளே போகும்போது அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். வலப்பக்கம் மருந்து மணி கோத்ததுபோல வீங்கி வீங்கி நின்றது. இடப்பக்கம் மூலையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரு துளி வெளியே வரவில்லை. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடைப்பைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் மாதிரி வருமா? எடை குறைந்ததா? அடிவயிற்றில் விடாத வலி உண்டா? மூன்றுக்கும் ஆமாம்தான். காய்ச்சலைக் கம்பெனிச் சூடு என்று நினைத்திருந்தேன். எடை குறைந்ததற்கு ஷபானா என்னிடம் ரகசியம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள காமிரா விட்டுப் பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

அறைக்குள் தட்டில் வைத்திருந்த கருவியைப் பார்த்ததும் பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியான குழாய், நுனியில் விளக்கு, பக்கத்தில் திரை.

"மேடம், இது போர்ஸ்கோப்தானே?"

"என்னம்மா?"

சொன்னேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "நாங்க இத ஹிஸ்டரோஸ்கோப்னு சொல்வோம். உங்களோடதுல உள்ள என்ன பாப்பீங்க?"

"பிசிறு, அடைப்பு, கீறல்."

"நானும் அதேதான் பாக்கப் போறேன்."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன். நர்ஸ் டாக்டரைப் பார்க்க, அவர் திருப்பச் சொன்னார். அப்படித்தான் முதல் முறை பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருக்கும் என நினைத்திருந்தேன். வெளிறிப்போய், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளோடு, ஒரு மூலையில் சிலந்தி நூல் இழுத்ததுபோல ஒட்டுகளோடு இருந்தது. டாக்டரம்மா சுவரிலிருந்து ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்தார்.

"மேடம், எங்க கம்பெனில சரிபண்ண முடியறது மஞ்ச டப்பா, முடியாதது செவப்பு டப்பா. இது எதுல போவும்?"

அவர் துணுக்கைப் புட்டியில் போட்டு மூடினார். "இப்பதைக்கு டப்பாவுக்கு வெளியதான் வச்சிருக்கேன். ரிப்போர்ட் வரட்டும்."

அந்தத் துணுக்கு வெவ்வேறு பரிசோதனைகளுக்குப் போனது. ஒன்று நுண்ணோக்கியில், ஒன்று கிருமியின் மரபுப்பொருளைத் தேடுவது, ஒன்று கிருமியை வளர்த்துப் பார்ப்பது. கடைசியது வர வாரக்கணக்கில் ஆகும்.  காத்திருந்த நாட்களில் மாதேஷ் என்னைக் கம்பெனிப் பேருந்து நிறுத்தத்தில் வண்டியில் கொண்டுவந்து விடும்போது, தினமும் ஒரு ரோஜாவை என் பைக்குள் செருகுவார். காம்பு குட்டையாகவும் இதழ் கறுத்தும் இருப்பதால் விற்பனைக்குப் போகாத பூ.

"நல்ல பூ ஒண்ணு குடுத்தா இன்னாவாம்?"

"நல்லதெல்லாம் பெங்களூருக்குப் போவுது. நம்ம ரெண்டு பேருக்கும் இது போதும் கௌரி."

பரிசோதனைச் செலவுக்காக இரண்டாவது பாலி ஹவுஸுக்கு ஷீட் வாங்குவதை அவர் தள்ளிப்போட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ரிப்போர்ட்டை நானே படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. புரியாத சொற்கள் நிறைய. ஆனால் அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். காசநோய்.

நான் அழுவேன் என்று நினைத்து மாதேஷ் என் தோளைப் பிடித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை நாள் என்மேல் இருந்தது பெயரே இல்லாத ஒரு குறை. ஜாதகம், ராசி, படித்த திமிர், நின்றுகொண்டே பார்க்கும் வேலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இப்போது அது ஒரு கிருமி. பெயர் உள்ள கிருமி. அதற்கு மாத்திரை இருக்கிறது.

"இருமலே இல்லியே எனக்கு" என்றேன் டாக்டரம்மாவிடம்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். காசநோய்க் கிருமி பெரும்பாலும் மூச்சு வழியாக நுரையீரலுக்குள்தான் வரும். சிலருக்கு அங்கே சத்தமில்லாமல் கிடந்து, ரத்தத்தில் கலந்து வேறு இடத்துக்குப் போய்த் தங்கிவிடும். பெண்களுக்கு அது கருக்குழாயில் தங்கலாம். குழாய் வீங்கும், ஒட்டும், அடைக்கும். அங்கிருந்து கருப்பையின் உள்சுவருக்கு இறங்கும். சுவர் கெட்டால் மாதவிலக்கு குறையும், சிலருக்கு நின்றேபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை இல்லை என்று வரும்போதுதான் பலருக்குக் கண்டுபிடிக்கிறார்கள். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. என் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததால், என்னிடமிருந்து வீட்டில் யாருக்கும் பரவாது.

"மாத்திரையில கிருமி செத்துடும். ஆனா அது பண்ணிட்டுப் போன சேதம் எவ்ளோ ஆறும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். "உள்சுவர் ஆறுனா ஒரு வழி இருக்கு. குழாய் ரெண்டும் அடைச்சே இருந்தா டெஸ்ட் டியூப் முறைதான். சுவரும் ஆறலன்னா அதுவும் கஷ்டம். இன்னொண்ணு, மாத்திரை முடியிற வரைக்கும் குழந்தை உண்டாகக் கூடாது."

அத்தை வெளியே வந்ததும் மாதேஷைப் பிடித்துக்கொண்டார். "புள்ள வேணும்னு வந்தா வேணாம்னு சொல்லி அனுப்புறாங்களே. இதுக்கா பணம் கட்டுன?"

ஆறு மாத மாத்திரையும் அரசாங்கத்தில் இலவசம். எங்கள் ஊர் சுகாதார நிலையத்திலேயே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். டாக்டர் சொன்னது அவர் காதிலும்தான் விழுந்தது. ஆனால் காசநோய் என்ற சொல் விழுந்த இடத்தில் மற்றது எதுவும் விழவில்லை. நான் வாதாடவில்லை. ரிப்போர்ட் கோப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே போய், பூக்கட்டும் பெண்கள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, கரிக்கட்டியால் தரையில் கருப்பையும் குழாயும் வரைந்து, கிருமி எங்கே இருக்கிறது, வாய்க்கும் அதற்கும் வழி உண்டா என்று கேட்டேன்.

பெண்கள் பூவை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "அப்ப ஜெயக்கா, நீ தட்ட எதுக்குத் தனியா வச்ச? உன் மருமவ கர்ப்பப்பையிலயா சோறு துன்றா?"

ஷெட்டே சிரித்தது. அத்தை என்னை முறைத்துவிட்டு மூன்று மொழியிலும் அவளைத் திட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் பழைய தட்டுதான் வந்தது. 

மாத்திரை நாட்கள் லேசானவை அல்ல. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் பேருந்து ஓசூர் நெருங்கும்போது குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று சுகாதாரப் பணியாளர் முன்பே சொல்லியிருந்தும், முதல் நாள் பார்த்தபோது கதவைப் பிடித்துக்கொண்டேன். வேர்வையில் என் வெள்ளைச் சீருடையின் கழுத்துப் பட்டைகூட லேசாக நிறம் மாறியது. ஈரலைச் சோதிக்க அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் மாதம் மூட்டுகள் வலித்து, படி ஏற முடியாமல் நின்றேன். ஷபானாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் தினமும் வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்து, நான் முழுங்கும் வரை முன்னால் நிற்பாள்.

"நான்தான்டி உனக்குக் கண்ணு போட்டுட்டேன். மகாராணின்னு சொல்லிச் சொல்லி" என்றாள் ஒருநாள். கண் கலங்கியிருந்தது.

"உன் கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா சூப்பர்வைசரப் பாருடி."

மருந்து பாதி கடந்திருக்கும். வேலையில் இருந்தபோது அடிவயிறு பழைய மாதிரி இழுத்தது. கழிவறைக்கு ஓடினேன். வந்திருந்தது. துளிகளாக இல்லை, நன்றாக, சிவப்பாக, நிறைய. கதவுக்குப் பின்னால் நின்று மாதேஷுக்குப் போன் போட்டேன்.

"வந்துடுச்சு."

"யாரு வந்தது?"

"அதுதான்யா வந்துடுச்சு."

 பாலி ஹவுஸுக்குள் இருந்து, "எம்மா, வந்துடுச்சாம்" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. உலகத்தில் வேறு எந்த ஆணாவது இந்தச் செய்தியை இப்படிக் கத்தியிருப்பானா தெரியாது.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே நல்லெண்ணெய் வாசனை. அத்தை உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி செய்து, எண்ணெயும் வெல்லமும் விட்டு வைத்திருந்தார். வயதுக்கு வந்த பெண்ணுக்குச் செய்வது.

"இன்னாம்மா இது, இவளுக்கு மறுபடியும் மஞ்சத்தண்ணி ஊத்தப் போறியா?" என்றார் மாதேஷ்.

"உனக்கு இன்னாடா தெரியும், சும்மா போ. நீ துன்னு பாப்பா. இடுப்புக்கு நல்லது."

இரண்டாம் முறை வந்த பூப்பு என்று நினைத்துக்கொண்டே உருண்டை உருண்டையாகச் சாப்பிட்டேன். அந்த மாதமும் நான் விடுப்பு எடுக்கவில்லை. ஆனால் மாற்று ஆளை அடிக்கடி கூப்பிட்டேன். கூப்பிடும்போதெல்லாம் ஷபானாவைப் பார்த்துச் சிரித்தேன்.

மாத்திரை முடிந்தபின் அதே அறை, அதே திரை. டாக்டரம்மா கேட்காமலேயே என் பக்கம் திருப்பி வைத்தார். காமிரா உள்ளே போனது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நூல்போல இழுத்திருந்த ஒட்டு இருந்த மூலையில் மெல்லிய தழும்பு மட்டும். மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பு, காலையில் வெட்டிய ரோஜாவின் உள்ளிதழ் மாதிரி. எங்கள் வீட்டில் விற்பனைக்குப் போகுமே, அந்தப் பூ.

"சுவர் ஆறிடுச்சு. இப்பவே ஒரு வழி உறுதி" என்றார். "குழாயையும் பாத்துடலாமா?"

அன்று மறுபடி கிள்ளி எடுத்த துணுக்கில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு, எக்ஸ்ரேவுக்கு இன்னொரு நாள் போனோம். மாதேஷும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து உள்ளே ஏற ஏற, அதே முறுக்கல். வலப்பக்கம் பழையபடி மணி மணியாக வீங்கி நின்றது. அந்தப் பக்கம் இனி இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இடப்பக்கம் மூலையில் மருந்து தேங்கியது. முன்பு நின்ற அதே இடம். டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வலியில் கட்டிலின் விளிம்பைப் பிடித்தேன். கண்ணை மட்டும் மூடவில்லை.

மூலையிலிருந்து ஒரு நூல் கிளம்பியது. மயிரிழை மாதிரி. வளைந்து, நீண்டு, நுனிக்குப் போய், ஒரு கணம் நின்று, பிறகு ஊதுபத்திப் புகைபோலக் கலைந்து பரவியது.

"பாஸ்" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் திடுக்கிட்டுத் திரும்பினார். டாக்டரம்மா முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "நான் சொல்ல வேண்டியத நீயே சொல்லிட்டியா?"

பிறகு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். ஒரு குழாய் திறந்திருக்கிறது என்பதால் இயல்பாகவே முயன்று பார்க்கலாம். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, இல்லையென்றால் டெஸ்ட் டியூப் முறைக்கு வரலாம். ஆனால் கிருமி இருந்து ஆறிய குழாய் என்பதால், கரு கருப்பைக்கு வராமல் வழியிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் நாள் தள்ளிப்போனால் காத்திருக்கக் கூடாது. உடனே வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வெளியே வந்து இருவரிடமும் சொன்னேன். மாதேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த குழந்தைப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம் அத்தை."

தலையை ஆட்டினார்.  திரும்பும் வழியில் பாகலூர் பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். மாதேஷ் பதறிப்போனார். "எம்மா, வேணாம்மா. இன்னும் ஒண்ணும் ஆவல. போன தடவ பட்டது போதாதா?"

அவர் காதில் வாங்கவே இல்லை. தில்பசந்த் பொட்டலத்தோடு நேராக ஷெட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பெண்கள் ரோஜாக் கட்டுகளைக் கீழே வைத்தார்கள். ஒருத்தியின் முகத்தில் சிரிப்பு ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

"இன்னா ஜெயக்கா, மறுபடியும் ரொட்டி? இந்த வாட்டியாவது புள்ள நிச்சயமா?"

அத்தை முதல் முக்கோணத்தை வெட்டி அவள் கையில் வைத்தார்.

"புள்ளைக்கு வேற ரொட்டி வரும். இது என் மருமவளோட எடப்பக்கக் குழாய்க்கு. தொறந்துகிச்சு. துன்னு."

கரிக்கட்டியால் நான் வரைந்த படம் தண்ணீர் பட்டுப் பட்டு அழிந்துபோய், தரையில் லேசான கறுப்பாகத்தான் மிச்சம் இருந்தது. பெண்கள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி நின்று, எது இடப்பக்கம் என்று தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.